கணினியின் கதவைத் திறந்து வைத்தது யார்?

2017ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, சனிக்கிழமை. வார இறுதிக் கூட்டம். சிங்கப்பூரின் தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதிக்கு வந்தவர்கள், எந்தக் கடை எந்த மாடியில் இருக்கிறது என்று பார்க்க வழிகாட்டித் திரையின் முன் நின்றார்கள். திரையில் கடைகளின் பட்டியல் இல்லை. சிவப்பு நிறத்தில் ஒரு மிரட்டல்தான் இருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 அமெரிக்க டாலரை பிட்காயினாகக் கட்டினால் திறந்துவிடுகிறோம், மூன்று நாளைத் தாண்டினால் தொகை இரட்டிப்பு, ஏழு நாளைத் தாண்டினால் கோப்புகளை மறந்துவிடுங்கள் என்பது அதன் சாரம்.

கடைக்கு வழி காட்டும் திரைக்கு ஏன் இந்தக் கதி? அந்தத் திரைக்குப் பின்னாலும் ஒரு விண்டோஸ் கணினி இருந்தது என்பதுதான் காரணம்.

முதல் நாள் வெள்ளிக்கிழமையன்று புறப்பட்ட 'வானாகிரை' என்ற கணினிப் புழுதான் அங்கேயும் வந்து சேர்ந்தது. ஒரு சில நாள்களில் 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகளை அது பிடித்துக்கொண்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் கணக்கிட்டது. சிங்கப்பூரில் முக்கியத் தகவல் கட்டமைப்பு எதுவும் பாதிக்கப்படவில்லை என்று சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. மற்ற இடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார் ஆலையில் உற்பத்தி தடைப்பட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் மாட்டிக்கொண்டன. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் அது விட்டுவைக்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததுதான் மிகக் கொடுமை. அங்குள்ள 236 அரசாங்க மருத்துவமனைக் குழுமங்களில் 81 குழுமங்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் சொன்னது. சுமார் 19,000 சந்திப்புகளும் சிகிச்சைகளும் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. புற்றுநோய்ச் சந்தேகத்தோடு மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "தெரியாத மின்னஞ்சலைத் திறக்காதீர்கள், சந்தேகமான இணைப்பைத் தட்டாதீர்கள்" என்று நமக்கு எப்போதும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் வானாகிரை பரவுவதற்கு யாரும் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. கணினி மின்சாரத்தில் இருந்தால் போதும், வலைப்பின்னலில் இணைந்திருந்தால் போதும். பக்கத்துக் கணினியிலிருந்து அது தானாகவே தாவி வந்தது.

எந்தக் கதவு வழியாக வந்தது? அந்தக் கதவைத் திறந்து வைத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், நம் வீட்டுக் கணினியையும் கடைக் கணினியையும் பற்றி ஓரளவு தெளிவு பிறக்கும்.

எல்லாச் சாவியும் இருக்கும் இடம்

ஒரு வீவக புளோக்கை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் அவரவர் வீட்டுச் சாவி மட்டுமே இருக்கும். ஆனால் மின்தூக்கி அறை, தண்ணீர்த் தொட்டி, மின்சார அறை இவற்றின் சாவிகளெல்லாம் நகர மன்றத்திடம் இருக்கும். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் அந்த வீடுதான் நனையும். நகர மன்றத்தின் சாவிக்கொத்து திருடனிடம் போனால் புளோக்கே அவன் கையில்.

கணினியிலும் இப்படித்தான். கடிதம் எழுதும் மென்பொருள், படம் காட்டும் மென்பொருள், கணக்குப் போடும் மென்பொருள் எல்லாம் குடியிருப்பாளர்கள். இவர்களுக்கெல்லாம் மேலே இயங்குதளத்தின் கருப்பகுதி ஒன்று இருக்கிறது. அதைக் கெர்னல் என்பார்கள். நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை என எல்லாவற்றுக்கும் அதனிடம்தான் சாவி.

கெர்னலுக்குள் தனித்தனி வேலைக்குத் தனித்தனி ஊழியர்கள் உண்டு. அவர்களுக்கு டிரைவர் என்று பெயர். அச்சு எந்திரத்துக்கு ஒருவர், வட்டுக்கு ஒருவர், வலைப்பின்னலுக்குச் சிலர். வலைப்பின்னலைக் கவனிக்கும் ஊழியர்களின் வேலை மற்றவர்களின் வேலையைவிட ஆபத்தானது. அவர்களுக்குப் பொட்டலங்கள் வருவது வெளியே இருப்பவர்களிடமிருந்து. அனுப்பியவர் நண்பரா, திருடரா என்று தெரியாது. ஆனாலும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

விண்டோஸில் கோப்புகளையும் அச்சு எந்திரங்களையும் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள உதவும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். எஸ்எம்பி என்ற பழைய ஏற்பாட்டின்படி வேலை செய்பவர். 'எஸ்ஆர்வி.சிஸ்' என்பது அந்த டிரைவரின் பெயர். 445ஆம் எண் வாசலில் உட்கார்ந்திருப்பார். வானாகிரை நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

940 பேருக்குச் சமைத்த விருந்து

அந்த ஊழியர் செய்த பிழை என்ன? ஒரு கல்யாண விருந்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

விருந்துக்கு 1,000 பேர் வருவதாகப் பெண் வீட்டார் எழுதிக் கொடுக்கிறார்கள். மண்டபத்தின் கணக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறார். அதில் 60 பெயர்கள் செல்லாதவை. ஆகவே 940 பேர்தான். 940 இலை போடச் சொல்லிவிடுகிறார். அதுவரை சரி. பிறகு சீட்டில் இருக்கும் 1,000 என்ற எண்ணைத் திருத்த வேண்டும். கடைசி மூன்று சுழிகளை அழித்து 940 என்று எழுதுகிறார். முன்னால் இருக்கும் 1 என்ற எண்ணை அழிக்க மறந்துவிடுகிறார். சீட்டில் இப்போது 1,940 என்று இருக்கிறது.

பரிமாறுகிறவர் சீட்டைத்தான் பார்ப்பார். இலை 940தான் இருக்கிறது. ஆனால் 1,940 வரை பரிமாற வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. இலை தீர்ந்ததும் நின்றுவிடுவாரா? மனிதராக இருந்தால் நிற்பார். கணினி நிற்காது. பக்கத்து அறைக்குள் நுழைந்து அங்கே மேசையில் இருக்கும் கணக்குப் புத்தகத்தின் மேலேயே சாம்பாரை ஊற்றும்.

விண்டோஸில் நடந்தது இதே கணக்குத்தான். பழைய ஓஎஸ்/2 இயங்குதளத்தின் முறையில் எழுதப்பட்ட ஒரு பட்டியலைப் புதிய முறைக்கு மாற்றுவது அந்த டிரைவரின் வேலைகளில் ஒன்று. பட்டியலின் மொத்த அளவு ஓர் எண்ணாக வரும். அந்த எண்ணுக்கு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு பகுதிகள். கீழ்ப் பாதியில் 65,535 வரை அடங்கும். அதற்கு ஒன்று கூடினால் மேல் பாதியில் 1 ஏறும், கீழ்ப் பாதி சுழியாகிவிடும்.

தாக்குதல்காரர்கள் அனுப்பிய பட்டியலில் அளவு 65,536 என்று இருந்தது. அதாவது மேல் பாதியில் 1, கீழ்ப் பாதியில் சுழி. பட்டியலில் வேண்டுமென்றே செல்லாத ஒரு பகுதியையும் சேர்த்திருந்தார்கள். அதைக் கழித்துவிட்டு 65,373 என்று டிரைவர் திருத்த வேண்டும். திருத்தியது. ஆனால் கீழ்ப் பாதியை மட்டும். மேல் பாதியில் இருந்த 1 அப்படியே நின்றது. 65,373 என்று ஆக வேண்டிய எண் 130,909 ஆகிவிட்டது. குறைக்கப் போய் இரட்டிப்பாக்கிய கதை.

சிறிய பட்டியலுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பெரிய எண்ணை நம்பிக் கொட்டினால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தின் அடுத்த பகுதியில் போய் விழும். நினைவக வழிதல் என்பது இதுதான்.

சாம்பார் கொட்டினால் திருடனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். இங்கேதான் தந்திரம் இருக்கிறது. பக்கத்து அறையைத் திருடன் முன்கூட்டியே வாடகைக்கு எடுத்து, தனக்கு வேண்டிய மேசையை அங்கே போட்டு வைத்திருக்கிறான். கொட்டப்போவது என்ன என்பதையும் அவன்தான் எழுதி அனுப்பியிருக்கிறான். ஆகவே கொட்டுவது குப்பையாக விழாமல் அவன் விரும்பிய கட்டளையாகப் போய் உட்காரும். நடப்பது கெர்னலுக்குள் என்பதால், அந்தக் கட்டளை நகர மன்றத்தின் கட்டளைக்குச் சமம். கடவுச்சொல் தெரியாதவன், வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவன், எல்லாச் சாவிக்கும் சொந்தக்காரனாகிவிடுகிறான்.

இந்தத் தந்திரத்துக்கு 'எட்டர்னல் புளூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தது தெருத் திருடர்கள் அல்ல.

59 நாள்கள்

நடந்ததை வரிசையாகப் பார்த்தால் மனம் பதறும்.

2017 மார்ச் 14: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. எண்ணின் கீழ்ப் பாதியை மட்டும் எழுதிய இடத்தில் முழு எண்ணையும் எழுதச் செய்ததுதான் அதன் சாரம்.

2017 ஏப்ரல் 14: தமிழ்ப் புத்தாண்டு நாள், அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் அதே நாளில் வந்தது. 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் ஒன்று, எட்டர்னல் புளூவையும் வேறு பல கருவிகளையும் இணையத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவையிடமிருந்து களவுபோன கருவிகள் இவை.

2017 மே 12: வானாகிரை புறப்பட்டது.

திருத்தம் வந்த நாளுக்கும் தாக்குதல் நடந்த நாளுக்கும் இடையே 59 நாள்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் குறைவு. மருந்து கடையில் இருந்தது. நோயாளிகள் வாங்கிச் சாப்பிடவில்லை.

அன்றைக்கு இன்னும் பெரிய நாசம் நடக்காமல் போனதற்கு 22 வயது இளைஞர் ஒருவர் காரணம். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ், அந்தப் புழுவின் நிரலை ஆராய்ந்தபோது, யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரியை அது தேடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தார். பத்து டாலர் சொச்சம் செலவழித்து அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அந்த முகவரியில் பதில் கிடைத்தால் நின்றுவிடும்படி புழு எழுதப்பட்டிருந்தது. பரவல் அடங்கியது. உலகத்தை நடுங்க வைத்த ஒன்றை நிறுத்த, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போதுமாக இருந்தது.

குற்றவாளி யார்? நான்கு அணிகள்

இந்த விஷயத்தை ஒரு பட்டிமன்ற மேடையில் வைத்தால், நான்கு அணிகள் எழுந்து நிற்கும். நான்கிலும் நியாயம் இருக்கும்.

முதல் அணி, எழுதியவர்தான் குற்றவாளி என்று சொல்லும். ஓர் எண்ணை முழுதாகத் திருத்தத் தெரியாதவர்களிடம் உலகத்தின் மருத்துவமனைகளை ஒப்படைத்தது யார்? பாலத்தில் விரிசல் விட்டால் பொறியாளரைக் கேட்கிறோம். மாத்திரை தவறினால் மருந்து நிறுவனத்தைக் கேட்கிறோம். மென்பொருள் நிறுவனத்தை மட்டும் ஏன் கேட்பதில்லை? போதாக்குறைக்கு, அந்தப் பழைய எஸ்எம்பி முறை 1980களில் பிறந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016ல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே வேண்டிக்கொண்டார்கள். அப்படியானால் எல்லாக் கணினியிலும் அதைத் திறந்தபடியே விற்றது ஏன்?

இரண்டாம் அணி, கண்டுபிடித்தும் மறைத்தவர்தான் குற்றவாளி என்று சொல்லும். அமெரிக்க உளவு முகவை இந்த ஓட்டையை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனக்குள் வைத்துப் பயன்படுத்தியதாக வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. பக்கத்து வீட்டுப் பூட்டு சரியில்லை என்று தெரிந்தால், நல்லவர் கதவைத் தட்டிச் சொல்வார். சொல்லாமல் கள்ளச் சாவி செய்து வைத்துக்கொண்டு, அந்தச் சாவியையும் பறிகொடுத்தால்? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவர் பிராட் ஸ்மித், ராணுவத்திடமிருந்து டாமஹாக் ஏவுகணைகள் களவுபோவதற்கு இதை ஒப்பிட்டார்.

மூன்றாம் அணி, அடித்தவன் இருக்கும்போது மற்றவர்களை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கும். கதவு திறந்திருந்தால் திருடலாமா? 2017 டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் வட கொரியாவின் மீது வெளிப்படையாகப் பழி சுமத்தின. நோயாளிகளின் சிகிச்சையைத் தடுத்துப் பணம் கேட்பவனுக்கு எந்த நியாயமும் கிடையாது.

நான்காம் அணி, மருந்தைச் சாப்பிடாதவர்களைப் பார்க்கச் சொல்லும். பாதிக்கப்பட்டதெல்லாம் கைவிடப்பட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் என்று முதலில் பேசினார்கள். பிறகு காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஆராய்ந்தபோது, மாட்டியவற்றில் 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அந்தப் பதிப்புக்கு மார்ச் மாதமே இலவசத் திருத்தம் வந்துவிட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. கேட்டார்களா?

நான்காம் அணியின் வாதத்துக்குக் கைதட்டல் பலமாக இருக்கும். ஆனால் எதிர்க் கேள்வியும் உண்டு. ஒரு மருத்துவமனையில் வருடி எந்திரத்தோடு ஒரு கணினி இணைந்திருக்கிறது. எந்திரத்தை விற்றவரின் அனுமதி இல்லாமல் அந்தக் கணினியில் எதையும் மாற்றக் கூடாது. தேக்காவில் ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். இருப்பது ஒரே கணினி. பில் போடுவதும் அதுதான், கணக்கு வைப்பதும் அதுதான். புதுப்பித்த மறுநாள் பில் மென்பொருள் வேலை செய்யாவிட்டால், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கடைக்காரர் யாரிடம் போவார்? "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அல்ல. பயமும் காரணம்.

46 நாள் கழித்து வந்த பாடம்

வானாகிரைக்குப் பிறகாவது எல்லாரும் விழித்துக்கொண்டார்களா? இல்லை. 46 நாள் கழித்து, 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற இன்னொரு புழு அதே ஓட்டையையும் ஓர் ஆயுதமாகக் கொண்டு வந்தது. இம்முறை புதுப்பிக்காத ஒரு கணினி கிடைத்தால்கூடப் போதும். அதிலிருந்து கடவுச்சொற்களைத் திருடி, புதுப்பித்த கணினிகளுக்குள்ளும் அது புகுந்தது.

கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. நிறுவனம் சொன்ன நட்டம் 30 கோடி அமெரிக்க டாலர் வரை. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்தும் முனையத்திலும் வேலை நின்றது. ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சில்லு ஆலைகளில் வானாகிரையின் ஒரு வகை புகுந்து உற்பத்தியை நிறுத்தியது. புதிதாக வந்த ஓர் எந்திரத்தைக் கிருமிச் சோதனை செய்யாமல் வலைப்பின்னலில் இணைத்ததுதான் காரணம்.

ஒரே ஓர் எண்ணின் மேல் பாதியைத் திருத்த மறந்ததற்கு உலகம் கொடுத்த விலை இவ்வளவு.

சாங்கியில் நின்ற வரிசை

நினைவகப் பிழை என்றால் திருடன் வந்தாக வேண்டும் என்பதில்லை. திருடனைப் பிடிக்க வைத்த காவலாளியாலும் வரலாம்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகளை ஊழியர்கள் கையால் எழுதிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வரிசைகள் நீண்டன. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்து கிடந்தன. காரணம் 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள். அதன் டிரைவரும் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதுதான். புதிய தகவல் கோப்பு ஒன்றை அந்த நிறுவனம் அனுப்பியது. 21 விவரங்களைத் தேடும்படி அது சொன்னது. கையில் இருந்ததோ 20. இல்லாத 21ஆவது இலையைத் தேடி டிரைவர் எல்லையைத் தாண்டிப் போனது. கெர்னலுக்குள் நடந்த தவறு என்பதால் கணினி மொத்தமும் விழுந்தது.

2017ல் நடந்தது எல்லை தாண்டி எழுதியதால் வந்த வினை. 2024ல் நடந்தது எல்லை தாண்டிப் படித்ததால் வந்த வினை. நோய் ஒன்றுதான், அறிகுறிதான் வேறு.

எல்லைக்கோடு போடும் மொழி

இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் கெர்னல்கள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அன்றைய கணினிகளில் நினைவகமும் வேகமும் மிகக் குறைவு. ஆகவே நிரல் எழுதுபவரை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். இலை முடிந்துவிட்டதா என்று அந்த மொழி பார்க்காது. பார்க்க வேண்டியது எழுதுபவரின் பொறுப்பு. எழுதுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பல லட்சம் வரிகளில் ஓர் இடத்திலாவது மறதி வரத்தான் செய்யும்.

அது வெறும் வாதம் அல்ல. ஆண்டுதோறும் தாங்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் வருபவை என்று 2019ல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே சொன்னார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது. ரஸ்ட் என்ற மொழியின் முதல் முழுப் பதிப்பு 2015ல் வெளிவந்தது. இலை தீர்ந்த பிறகு பரிமாறப் போனால், அந்த மொழி கையைப் பிடித்து நிறுத்திவிடும். எண்ணைத் தவறாகத் திருத்தும் பிழையை ரஸ்ட் மொழியிலும் ஒருவர் செய்யலாம். ஆனால் தவறான எண்ணை நம்பி அடுத்த அறைக்குள் நுழைய அது விடாது. வேலை நின்றுபோகலாம், சாவிக்கொத்து பறிபோகாது.

2022 டிசம்பரில் வெளியான 6.1ஆவது பதிப்பில் லினக்ஸ் கெர்னல் ரஸ்ட் மொழிக்கு இடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் வந்த 6.8ஆவது பதிப்பில், வலைப்பின்னல் வன்பொருளுக்கான சிறிய டிரைவர் ஒன்று ரஸ்ட் மொழியில் சேர்க்கப்பட்டது. கூகல் நிறுவனம், ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி மென்பொருளின் புதிய பகுதிகளைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, அதன் ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019ல் 76 விழுக்காடாக இருந்தது 2024ல் 24 விழுக்காடாகக் குறைந்ததாகச் சொன்னது. பழைய வீட்டை இடிக்கவில்லை. புதிதாகக் கட்டும் அறைகளை மட்டும் ஒழுங்காகக் கட்டினார்கள். அதற்கே இவ்வளவு பலன்.

கண்டால் சொல்லும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது. 2018ல் சிங்கப்பூர்த் தற்காப்பு அமைச்சு, தன் இணையத்தளங்களில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும்படி ஊடுருவல் நிபுணர்களை அழைத்துப் பரிசு கொடுத்தது. 2025 மே மாதம் பெர்லினில் நடந்த 'போன்டுஓன்' போட்டியில் சிங்கப்பூரின் ஸ்டார் லேப்ஸ் குழு ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது. அந்தப் போட்டியில் கண்டுபிடிக்கும் ஓட்டையை மறைக்கக் கூடாது. மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குத்தான் பரிசு. கள்ளச் சாவியை ஒளித்து வைப்பவருக்கும், பூட்டு கெட்டிருக்கிறது என்று கதவைத் தட்டிச் சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தீர்ப்பு

மேடையில் நின்ற நான்கு அணிகளில் எந்த அணி வென்றது?

அடித்தவன் குற்றவாளி, அதில் விவாதமே இல்லை. ஆனால் அவனைப் பிடிப்பது நம் கையில் இல்லை. மறைத்தவர் பொறுப்பாளி. ஆனால் உளவு முகவைகளைக் கேள்வி கேட்பது அரசாங்கங்களின் வேலை. எழுதியவர் பொறுப்பாளி. அவர் மொழியையும் முறையையும் மாற்ற வேண்டும், மெதுவாகவேனும் மாற்றி வருகிறார். நான்கில் நம் கைக்கு எட்டுவது கடைசி ஒன்றுதான். பூட்டு மாட்டுவது.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கணினி புதுப்பிக்கச் சொன்னால் அன்றிரவே புதுப்பித்துவிட வேண்டும். பில் மென்பொருள் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தால், முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் நகல் எடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். இணைத்தபடியே விட்டால் புழு அதையும் பூட்டிவிடும். நகல் கையில் இருப்பவரை எந்த மிரட்டல் திரையும் மண்டியிட வைக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. கடையில் அந்தப் பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வதா, புதிய பதிப்புக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் வீட்டு வைஃபை ரவுட்டர்கள் அடிப்படைப் பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்தாக வேண்டும். அதற்கு முன் வாங்கிய பழைய ரவுட்டர் அலமாரியின் மேல் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தால், அதற்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

சிராங்கூன் சாலையில் இரவு கடை அடைக்கும் நேரத்தில் பாருங்கள். இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிய பிறகும், பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் எந்தக் கடைக்காரரும் நகர்வதில்லை. பூட்டு செய்தவர் மீதோ சாவி செய்தவர் மீதோ சந்தேகம் வந்து அப்படிச் செய்யவில்லை. உள்ளே இருப்பது தன் உழைப்பு என்பதால் செய்கிறார். உள்ளே இருக்கும் கணினியில் கடன் கணக்கும், வேலையாட்களின் சம்பளக் கணக்கும், பல ஆண்டு வாடிக்கையாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. அதுவும் அதே உழைப்புதான். அந்தப் பூட்டையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.